ஹைட்ரஜன் கைமாற்று வினை: ஆல்கஹாலைக் கொண்டு கீட்டோனில் புதிய கார்பன் பிணைப்பு, படிப்படியாக

ஆல்கைல் ஹாலைடு எடுக்கும் இடத்தில் ஆல்கஹாலை எடுத்து, உலோக வினையூக்கியின் துணையோடு கீட்டோனின் ஆல்ஃபா கார்பனில் (கார்பனைல் தொகுதியை ஒட்டிய கார்பனில்) பிணைப்பு அமைப்பதுதான் இங்கே வேலை. கூடவே வெளிவருவது தண்ணீர் மட்டும். தாளில் எழுதினால் ஒரே வரி. குழாயைத் திறந்து பார்த்தால் பலருக்கு முதல்முறை கிடைப்பது நாலைந்து பொருள்கள் கலந்த பழுப்பு எண்ணெய். அது ஏன் அப்படி வந்தது என்று சொல்லத் தெரியாததால் வெப்பநிலையை ஏற்றுகிறார்கள், காரத்தைக் கூட்டுகிறார்கள், வினையூக்கியை மாற்றுகிறார்கள். பெரும்பாலும் அவை எதுவும் தேவைப்படுவதில்லை. ஹைட்ரஜன் எங்கே போனது என்று கணக்குப் பார்த்தால் தவறு தானே தெரிந்துவிடும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கணக்கைச் சுற்றியே போகிறது.

பழகுவதற்கு அசிட்டோஃபீனோன், பென்சைல் ஆல்கஹால் இணையை எடுத்துக்கொள்ளுங்கள். விளைபொருள் 1,3-டைஃபீனைல்புரோப்பன்-1-ஓன். இதை டைஹைட்ரோசால்கோன் என்றே இனி குறிப்பிடுகிறேன். மூன்றும் ஆவியாகி ஓடாதவை, புற ஊதா ஒளியில் தெரிபவை, என்எம்ஆரில் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு நிறமாலையில்) தனித்தனியாக நிற்பவை. உங்கள் ஆய்வுக்குரிய மூலக்கூறை நேரடியாக எடுத்து ஆரம்பிக்காதீர்கள். இந்த இணை 80 சதவீதத்துக்கு மேல் வந்த பிறகே அதைத் தொடுங்கள்.

1. மூன்று படிகள், ஒரு கைமாற்று

முதல் படியில் உலோகம் ஆல்கஹாலிடமிருந்து இரண்டு ஹைட்ரஜன்களைக் கைமாற்றாக வாங்குகிறது. ஆல்கஹால் பென்சால்டிஹைடாகிறது, உலோகம் ஹைட்ரைடாகிறது, அதாவது ஹைட்ரஜனைச் சுமந்த வடிவமாகிறது. இரண்டாவது படியில் காரத்தின் உதவியால் ஆல்டிஹைடும் கீட்டோனும் ஆல்டால் முறையில் சேர்ந்து, தண்ணீரை இழந்து, சால்கோன் என்ற இரட்டைப் பிணைப்புள்ள கீட்டோனாகின்றன. மூன்றாவது படியில் உலோகம் வாங்கிய ஹைட்ரஜனை அந்த இரட்டைப் பிணைப்பில் திருப்பித் தருகிறது. டைஹைட்ரோசால்கோன் கிடைக்கிறது, உலோகம் பழைய நிலைக்குத் திரும்புகிறது.

வாங்கியதும் கொடுத்ததும் சமமாக இருந்தால்தான் தூய்மையான விளைபொருள். திரும்பாவிட்டால் சால்கோன் மிஞ்சும். தேவைக்கு மேல் திரும்பினால் கீட்டோனும் ஒடுக்கப்பட்டு ஆல்கஹாலாகிவிடும்.

முதல் படிதான் வெப்ப இயக்கவியலில் ஏற்றம். சாதாரண ஆல்கஹாலிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்க ஆற்றல் வேண்டும். அதனால்தான் 100 டிகிரியை ஒட்டிய வெப்பம். உருவாகும் ஆல்டிஹைடைக் காரம் உடனுக்குடன் இழுத்துக்கொண்டால்தான் அந்த ஏற்றத்தைக் கடக்க முடியும். ஆகவே காரத்தின் வேலை இரண்டாம் படியோடு முடிவதில்லை, முதல் படியையும் அதுதான் தூக்கிவிடுகிறது.

2. முன்கூட்டியே தயாராக வேண்டியவை

2 மில்லிமோல் அளவுக்கு:

- அசிட்டோஃபீனோன்: 240 மில்லிகிராம் (2.0 மில்லிமோல்)
- பென்சைல் ஆல்கஹால்: 260 மில்லிகிராம் (2.4 மில்லிமோல், 1.2 சமானம், அதாவது கீட்டோனின் மோல் அளவைப்போல் 1.2 மடங்கு)
- பென்டாமெத்தில்சைக்ளோபென்டாடையீனைல் இரிடியம் டைகுளோரைடு டைமர் (இரண்டு அலகுகள் இணைந்த மூலக்கூறு): 8.0 மில்லிகிராம் (0.010 மில்லிமோல், இரிடியம் கணக்கில் 1 மோல் சதவீதம்)
- பொட்டாசியம் டெர்ட்-பியூட்டாக்சைடு: 45 மில்லிகிராம் (0.40 மில்லிமோல், 20 மோல் சதவீதம்)
- உலர்ந்த டொலுயீன்: 2 மில்லிலிட்டர்
- 1,3,5-டிரைமெத்தாக்சிபென்சீன்: 67.3 மில்லிகிராம் (0.40 மில்லிமோல்). இது உள் அளவுகோல், என்எம்ஆரில் மற்றவற்றை ஒப்பிட்டு அளக்கத் தெரிந்த அளவில் சேர்ப்பது. வினை முடிந்த பின்னரே சேர்க்க வேண்டும்.

கருவிகளில் டெஃப்லான் திருகுவால்வு உள்ள 25 மில்லிலிட்டர் ஷ்லெங்க் குழாய் (வெற்றிடத்தோடும் ஆர்கானோடும் இணைக்கப் பக்கவழி உள்ள கண்ணாடிக் குழாய்), புதிய காந்தக் கலக்கி, ஆர்கான்–வெற்றிட இணைப்பு, வெப்பமானி செருகிய ஆயில் பாத் அல்லது அலுமினியப் பிளாக் போதும். காந்தக் கலக்கி புதியதாக இருக்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய கலக்கியின் டெஃப்லான் உறையில் பலேடியம், ருத்தேனியம் போன்றவை கறையாக ஒட்டியிருக்கும். உலோகம் இல்லாமல் ஓட்டும் ஒப்பீட்டுச் சோதனையை அது கெடுத்துவிடும்.

இரிடியம் டைமர் விலை கூடியதுதான். ஆனாலும் பழகுவதற்கு அதையே பரிந்துரைக்கிறேன். திடநிலையில் காற்றைத் தாங்கும், திறந்த மேசையிலேயே எடைபோடலாம். டிரிஸ் (டிரைஃபீனைல்பாஸ்பீன்) ருத்தேனியம் டைகுளோரைடு மலிவானது. ஆனால் கரைசலில் காற்றுப் பட்டால் கெடும், பாஸ்பீன் ஆக்சைடு பிரித்தெடுக்கும்போது தொல்லை தரும். மாங்கனீசு பின்சர் வினையூக்கிகளுக்குக் க்ளவ் பாக்ஸ் வேண்டும். க்னோல்கர் வகை இரும்பு வினையூக்கியில் ஒரு கார்பன் மோனாக்சைடை டிரைமெத்திலமீன் ஆக்சைடு கொண்டு கழற்றினால்தான் அது வேலையைத் தொடங்கும். ஒரே நேரத்தில் வினையையும் வினையூக்கியையும் பழக நினைத்தால் தவறு எங்கே என்று தெரியாமல் போகும்.

3. பென்சைல் ஆல்கஹாலைச் சோதிக்காமல் தொடங்காதீர்கள்

புதியவர்கள் தாண்டிச் செல்லும் படி இது. திறந்து பல மாதமான புட்டியில் பென்சைல் ஆல்கஹால் காற்றோடு வினைபுரிந்து பென்சால்டிஹைடையும் பென்சாயிக் அமிலத்தையும் சேர்த்து வைத்திருக்கும். வாசனையிலேயே பிடித்துவிடலாம். பென்சைல் ஆல்கஹாலுக்கு அவ்வளவாக வாசனை கிடையாது. கசப்பு பாதாம் வாடை தூக்கலாக வந்தால் ஆல்டிஹைடு இருக்கிறது.

என்எம்ஆரில் உறுதிசெய்யுங்கள். 4.69 பிபிஎம்மில் ஆல்கஹாலின் சிஎச்2 ஒற்றைச் சிகரம், 10.0 பிபிஎம்மில் ஆல்டிஹைடு. முதலாவதை 200 என்று வைத்து, இரண்டாவது 3 வந்தால் ஏறக்குறைய 3 சதவீதம் ஆல்டிஹைடு.

மூன்று சதவீதம்தானே என்று விட்டுவிடத் தோன்றும். கணக்குப் பாருங்கள். 2.4 மில்லிமோலில் 3 சதவீதம் 0.07 மில்லிமோல். இந்த ஆல்டிஹைடு ஹைட்ரஜனை உலோகத்திடம் கொடுக்காமலே குழாய்க்குள் வந்திருக்கிறது. அது சால்கோனாகும், ஆனால் அதைத் திருப்ப ஹைட்ரைடு இருக்காது. விளைபொருளில் 3 முதல் 4 சதவீதம் சால்கோன் நிற்கும். சால்கோனையும் டைஹைட்ரோசால்கோனையும் காலத்தில் (சிலிக்கா நிரப்பிய பிரிப்புக் குழாயில்) பிரிப்பது எரிச்சலான வேலை.

அமிலத்தின் பாதிப்பு வேறு வகை. அது காரத்தைத் தின்கிறது. 2 சதவீதம் பென்சாயிக் அமிலம் என்றால் 0.05 மில்லிமோல் காரம் போச்சு, நீங்கள் போட்டதில் எட்டில் ஒரு பங்கு. அதற்கு மேல் இரிடியம் டைமரிலுள்ள நான்கு குளோரைடுகளை நீக்க 0.04 மில்லிமோல் செலவாகும். காரத்தை 5 மோல் சதவீதத்துக்குக் குறைத்துப் பார்த்து வினையே ஓடவில்லை என்று சொல்பவர்களின் குழாயில் நடந்தது இதுதான்.

தூய்மையாக்க: ஈதரில் கரைத்து, சோடியம் பைசல்ஃபைட் கரைசலால் இருமுறை, பிறகு சோடியம் பைகார்பனேட் கரைசலால் ஒருமுறை கழுவி, உலர்த்தி, ஈதரை நீக்கி, குறைந்த அழுத்தத்தில் வடிக்கவும். 10 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் 93 டிகிரியை ஒட்டி வரும். மிச்ச ஆல்டிஹைடு முதலில் வரும் என்பதால் முதல் பத்தில் ஒரு பங்கைத் தள்ளிவிடுங்கள். ஆர்கானின் கீழ், பழுப்புப் புட்டியில் வையுங்கள்.

அசிட்டோஃபீனோன் 20 டிகிரியில் உறையும். குளிரான அறையில் புட்டிக்குள் பாதி திடமாக இருந்தால் வெதுவெதுப்பான நீரில் வைத்து முழுவதும் உருக்கிக் கலக்கிய பிறகே எடுக்கவும்.

4. குழாயின் அளவும் உள்ளிருக்கும் காற்றும்

குழாய் 25 மில்லிலிட்டர் என்று சொன்னது ஏதோ கைக்கு வந்த எண் அல்ல. மோசமான நிலையில் ஆல்கஹால் முழுவதும் ஹைட்ரஜனை வாயுவாக விட்டுவிடுகிறது என்று வையுங்கள். 2.4 மில்லிமோல் ஹைட்ரஜன், 22 மில்லிலிட்டர் காலியிடம், 110 டிகிரி: ஏறக்குறைய 3.5 பார். கூடவே அடைத்த ஆர்கான், டொலுயீன் ஆவி. மொத்தம் 6 பாருக்குச் சற்றுக் குறைவு. இதையே 10 மில்லிலிட்டர் குழாயில் செய்தால் ஹைட்ரஜன் மட்டும் 10 பாரைத் தாண்டும். எனவே குழாயின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். அழுத்தம் தாங்கும் கண்ணாடியா என்று பாருங்கள். கீறல் விழுந்த குழாயைத் தூக்கிப் போடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், ஃபியூம் ஹூடுக்குள் மட்டும் ஓட்டுங்கள்.

காற்றை நீக்குவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. காற்றோடு அடைத்தால் 22 மில்லிலிட்டரில் ஆக்சிஜன் 4.6 மில்லிலிட்டர், அதாவது 0.19 மில்லிமோல். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு தண்ணீராக மாறும்போது இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறுகளை எடுத்துக்கொள்ளும். ஆக 0.38 மில்லிமோல் ஹைட்ரஜன் காணாமல் போகும். நீங்கள் கூடுதலாகச் சேர்த்த ஆல்கஹால் 0.40 மில்லிமோல். அந்தக் கையிருப்பு முழுவதையும் காற்று ஒன்றே விழுங்கிவிடும்.

5. எடைபோடுதலும் சேர்க்கும் வரிசையும்

குழாயைக் கலக்கியோடு 120 டிகிரி ஓவனில் இரவு முழுவதும் காயவைத்து, வெற்றிடத்தில் ஆறவிடுங்கள்.

முதலில் இரிடியம் டைமர். 8 மில்லிகிராமில் அரை மில்லிகிராம் தவறினாலும் 6 சதவீதம் மாறும். எடைத்தாளில் எடுத்துத் தட்டாமல், சிறு குப்பியில் எடைபோட்டுக் கவிழ்த்து, குப்பியை மறுபடி எடைபோட்டு வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து டெர்ட்-பியூட்டாக்சைடு. இது காற்றின் ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் வேகமாக இழுக்கும். பொடி பொலபொலவென்று உதிராமல் கட்டியாக இருந்தால் அந்தப் புட்டி வேண்டாம். எடைபோட ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். வினையிலேயே தண்ணீர் வருகிறதே, ஈரம் பட்டால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஈரத்தால் வரும் ஹைட்ராக்சைடு பெரிய கேடில்லை. கார்பன் டைஆக்சைடால் காரத்தின் வலிமை இறங்குவதும், எத்தனை மில்லிமோல் போட்டீர்கள் என்பதே தெரியாமல் போவதும்தான் சிக்கல்.

இரண்டு திடப்பொருளும் உள்ளே போன பிறகு வெற்றிடம்–ஆர்கான் மூன்று முறை. வால்வை மெதுவாகத் திறங்கள். சட்டென்று திறந்தால் பொடி குழாய்க் கழுத்துக்கு ஏறிவிடும். அங்கே ஒட்டிய காரம் வினைக்கு வராது.

பதினைந்து நிமிடம் ஆர்கான் குமிழ விட்ட டொலுயீனைச் செலுத்துங்கள். பிறகு பென்சைல் ஆல்கஹால். அறை வெப்பத்தில் ஐந்து நிமிடம் கலக்கவிட்டு, கடைசியாகக் கீட்டோன். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. டைமர் தானே வினையூக்கி அல்ல. அதன் குளோரைடு கழன்று ஆல்காக்சைடு ஏறி, அதிலிருந்து ஹைட்ரைடு பிறந்தால்தான் அது வேலைக்கு வரும். ஆல்கஹால் முதலில் இருந்தால் அது நடக்கும். கீட்டோனும் காரமும் மட்டும் கூடிக் காத்திருந்தால் கீட்டோன் தன்னோடு தானே சேர்ந்து டிப்னோனாகத் தொடங்கும்.

இரண்டு திரவத்தையும் சிரிஞ்சில் எடுத்து, செலுத்துவதற்கு முன்னும் பின்னும் சிரிஞ்சை எடைபோடுங்கள். பென்சைல் ஆல்கஹால் பிசுபிசுப்பானது. மைக்ரோபிப்பெட் முனையில் ஒட்டிக்கொள்ளும். 249 மைக்ரோலிட்டர் என்று அமைத்து 230 மட்டும் இறங்கினால் 1.2 சமானம் என்று குறிப்பேட்டில் எழுதியது பொய்யாகிவிடும்.

6. சூடாக்குதல்

அறை வெப்பத்தில் வால்வை இறுக்கி மூடி, 110 டிகிரி பாத்தில் திரவ மட்டம் வரை மட்டும் இறக்குங்கள். மேல்பகுதி வெளியே இருந்தால் ஆவியான டொலுயீன் அங்கே குளிர்ந்து கீழே வழியும், கழுத்தில் தெறித்ததையும் கழுவி இறக்கும். வெப்பமானி பாத்துக்குள் இருக்க வேண்டும்; ஹாட் பிளேட்டின் திரையில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள்.

கலக்கும் வேகம் 600 சுற்றுக்குக் குறையாமல் 16 மணி நேரம். சீசியம் கார்பனேட், பொட்டாசியம் பாஸ்பேட் போன்ற கரையாத காரங்களை எடுத்தால் வேகம் இன்னும் முக்கியம். அடியில் படிந்த காரம் இல்லாத காரம்தான்.

ஆரஞ்சு நிறம் சூட்டில் அடர்ந்து பழுப்பை நோக்கிப் போகும். அது சரி. குழாய்ச் சுவரில் கருப்பாகவோ கண்ணாடி போலவோ படிந்தால் உலோகம் பிரிந்துவிட்டது. காற்றுப் புகுந்ததா, வெப்பம் எகிறியதா என்று பாருங்கள்.

நடுவில் திறந்து மாதிரி எடுக்க ஆசைப்படாதீர்கள். திறக்கும்போது ஹைட்ரஜன் வெளியேறும், காற்று உள்ளே வரும்; அதன் பிறகு அந்தக் குழாயின் கணக்கு செல்லாது. நேரப்போக்கு வேண்டுமென்றால் ஒரே மாதிரி நான்கு குழாய்கள் வைத்து, 2, 4, 8, 16 மணியில் ஒவ்வொன்றாக நிறுத்துங்கள்.

7. நிறுத்துதல்

அறை வெப்பத்துக்கு முழுவதும் ஆறிய பிறகே வால்வைச் சிறிது சிறிதாகத் திறக்க வேண்டும். வருவது ஹைட்ரஜனாக இருக்கலாம். பக்கத்தில் சுடர், சூடான தகடு எதுவும் கூடாது. எடைபோட்ட டிரைமெத்தாக்சிபென்சீனை எத்தில் அசிட்டேட்டில் கரைத்துச் சேர்த்து, செறிவான அம்மோனியம் குளோரைடு கரைசல் 5 மில்லிலிட்டர் ஊற்றிக் காரத்தை அடக்குங்கள். எத்தில் அசிட்டேட்டில் மூன்று முறை பிரித்தெடுத்து, சோடியம் சல்ஃபேட்டில் உலர்த்தி, சிறு பகுதியை மட்டும் செறிவாக்கி என்எம்ஆருக்கு அனுப்புங்கள்.

காலத்தில் ஏற்றுவதற்கு முன் இந்த அளவீடு கட்டாயம். பிரித்த பின் கிடைத்த எடையை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது.

8. என்எம்ஆரில் கணக்கைப் படிப்பது

டியூட்டரோகுளோரோஃபாமில் எடுங்கள். துடிப்புகளுக்கு இடையே 20 நொடியாவது இடைவெளி விடுங்கள். அளவுகோலின் புரோட்டான்கள் மெதுவாகத் தளர்பவை. இரண்டு நொடி வைத்தால் அளவுகோல் குறைவாகத் தெரியும், உங்கள் விளைச்சல் கூடுதலாகக் காட்டும்.

அளவுகோலின் 6.09 பிபிஎம் ஒற்றையை 3.00 என்று வையுங்கள். பிறகு இவற்றைத் தேடுங்கள்:

- டைஹைட்ரோசால்கோன்: 3.31, 3.08 பிபிஎம்மில் இரண்டு மும்மைகள், ஒவ்வொன்றும் 2 புரோட்டான்
- அசிட்டோஃபீனோன்: 2.60 ஒற்றை, 3 புரோட்டான்
- பென்சைல் ஆல்கஹால்: 4.69, 2 புரோட்டான்
- பென்சால்டிஹைடு: 10.0, 1 புரோட்டான்
- சால்கோன்: 7.8 பிபிஎம்மில் இரட்டை, இணைப்பு மாறிலி 15.7 ஹெர்ட்ஸ்
- 1-ஃபீனைலெத்தனால்: 1.49 இரட்டை, 4.89 நான்மை
- 1,3-டைஃபீனைல்புரோப்பன்-1-ஆல்: 2.0–2.2 பன்மை, 2 புரோட்டான்
- பென்சைல் பென்சோயேட்: 5.36 ஒற்றை, 2 புரோட்டான்
- 1,3,5-டிரைஃபீனைல்பென்டேன்-1,5-டையோன்: 4.06 பன்மை, 1 புரோட்டான்

இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். விளைபொருளை 3.31 சிகரத்தில் அளக்காதீர்கள். டைகீட்டோனின் (பட்டியலின் கடைசிப் பொருள்) சிஎச்2 ஒன்று 3.34ஐ ஒட்டி வந்து அதோடு கலந்துவிடும். 3.08ஐ எடுங்கள். அதேபோல மிகை ஒடுக்கத்தால் வந்த ஆல்கஹாலின் 4.7 சிகரம், மிஞ்சிய பென்சைல் ஆல்கஹாலின் சிகரத்துக்குள் ஒளிந்துகொள்ளும். ஆல்கஹால் மீதமிருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். உண்மையில் அது கெட்டுப்போன விளைபொருளாக இருக்கலாம். அதனால்தான் 2.0–2.2 பகுதியைப் பார்க்கச் சொன்னது.

எடுத்துக்காட்டு: 3.08 சிகரத்தின் பரப்பு 8.6. இரண்டால் வகுக்க 4.3. அளவுகோல் 0.40 மில்லிமோல், ஆக 1.72 மில்லிமோல். கீட்டோன் 2.00 மில்லிமோல், விளைச்சல் 86 சதவீதம்.

இனி ஹைட்ரஜன் பேரேடு. சரியான விளைபொருளுக்கு வரவும் செலவும் சமம், அதனால் பூஜ்யம். ஹைட்ரஜனைக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பெறாதவை ஒரு பக்கம்: சால்கோன், பென்சால்டிஹைடு, டைகீட்டோன் ஒவ்வொன்றுக்கும் ஒன்று, பென்சைல் பென்சோயேட், பென்சோயேட் அயனி ஒவ்வொன்றுக்கும் இரண்டு. அளவுக்கு மேல் பெற்றவை மறுபக்கம்: 1-ஃபீனைலெத்தனால், டைஃபீனைல்புரோப்பனால், ஒவ்வொன்றுக்கும் ஒன்று. முதல் பக்கத்தின் கூட்டுத்தொகை மறுபக்கத்தைவிட எவ்வளவு கூடுதலோ, அவ்வளவு ஹைட்ரஜன் வாயுவாகவோ ஆக்சிஜனிடமோ போயிருக்கிறது. பென்சோயேட் அயனி நீர்ப்பகுதியில் தங்கிவிடும் என்பதை மறக்காதீர்கள். நீர்ப்பகுதியை அமிலமாக்கிப் பிரித்தெடுத்தால் அதுவும் கணக்கில் வரும்.

9. கணக்கு என்ன சொல்கிறது

சால்கோன் மிஞ்சி, ஒடுக்கப்பட்ட பொருள் எதுவும் இல்லையென்றால் ஹைட்ரஜன் குழாயை விட்டு வெளியேறியிருக்கிறது. முதலில் திருகுவால்வின் வளையத்தைப் பாருங்கள். செப்டம் (ரப்பர் மூடி) போட்டிருந்தால் சூட்டில் டொலுயீன் அதை ஊதவைத்து ஊசித்துளையைத் திறந்திருக்கும். ஆர்கானை ஓடவிட்டபடி சூடாக்கியிருந்தால் நீங்களே ஹைட்ரஜனைத் துரத்தியிருக்கிறீர்கள்.

சால்கோனும் ஃபீனைலெத்தனாலும் சம அளவில் நின்றால் ஹைட்ரஜன் குழாய்க்குள்தான் இருக்கிறது, தவறான ஆளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அனேகமாக நேரம் போதவில்லை. கீட்டோன் ஃபீனைலெத்தனாலாகும் ஒடுக்கம் மீளக்கூடியது. இன்னும் நான்கைந்து மணி கொடுத்தால் அந்த ஹைட்ரஜன் சால்கோனுக்குத் திரும்பிவரும். கொடுத்தும் நகரவில்லை என்றால் வினையூக்கி செத்துவிட்டது.

டைஃபீனைல்புரோப்பனால் வந்தால் ஆல்கஹால் கூடிவிட்டது. 1.2 சமானத்தை 2 ஆக்கினால் வேகம் கூடும் என்று நினைத்துச் செய்வார்கள். கூடுதல் ஆல்கஹால் விளைபொருளுக்கே ஹைட்ரஜனைத் தள்ளும், அத்தனை பென்சால்டிஹைடும் மிஞ்சும். 1.1க்கு இறக்குங்கள். ஆல்கஹாலே விளைபொருளாக வேண்டும் என்றால் மட்டும் 3 சமானம் வரை போகலாம்.

டைகீட்டோன் என்பது சால்கோன் நெடுநேரம் காத்திருந்ததற்கு அடையாளம். இன்னொரு கீட்டோன் அதன்மேல் மைக்கேல் முறையில் ஏறியிருக்கிறது. ஹைட்ரைடு திரும்பும் வேகத்தைவிடக் காரத்தின் வேகம் அதிகம். காரத்தை 10 மோல் சதவீதமாக்குங்கள், அல்லது வினையூக்கியை இரட்டிப்பாக்குங்கள்.

எதுவும் நடக்காமல் தொடக்கப் பொருள்களே திரும்பினால் காரம் இறந்திருக்கிறது. நீர்ப்பகுதியில் பென்சாயிக் அமிலம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆல்டிஹைடு வலுவான காரத்தில் கேனிசாரோ வழியே (இரண்டு ஆல்டிஹைடில் ஒன்று அமிலமாகவும் மற்றது ஆல்கஹாலாகவும் மாறும் வினை) போய்க் காரத்தைப் பென்சோயேட்டாக மாற்றிவிடும்.

10. ஒப்பீட்டுச் சோதனைகள்

புதிய வினையூக்கி என்று எதைப் பற்றியும் சொல்வதற்கு முன் நான்கு குழாய்கள் கட்டாயம்.

முதலாவதில் உலோகம் இல்லை, மற்ற எல்லாம் உண்டு. பொட்டாசியம் காரம் ஒரு சமானத்தை நெருங்கும்போது, சிறிது ஆல்டிஹைடோ காற்றோ இருந்தால், உலோகமே இல்லாமல் மீர்வைன்–போன்டார்ஃப்–வெர்லி வகையில் ஹைட்ரஜன் ஆல்காக்சைடிலிருந்து நேரடியாகக் கைமாறும். இதைப் பார்க்காமல் வினையூக்கிக்குப் பெருமை கொடுத்தவர்கள் நிறைய. இரண்டாவதில் காரம் இல்லை. மூன்றாவதில் கீட்டோனுக்குப் பதில் சால்கோன், கூடவே பென்சைல் ஆல்கஹால். முதல் படியும் மூன்றாம் படியும் சேர்ந்த ஹைட்ரஜன் கைமாற்று எவ்வளவு வேகம் என்று இது காட்டும். நான்காவதில் பென்சால்டிஹைடும் அசிட்டோஃபீனோனும் காரமும் மட்டும். இது இரண்டாம் படி.

நான்காவது ஒரு மணி நேரத்தில் முடிந்து, மூன்றாவதும் முழு வினையும் இழுத்தால் ஹைட்ரஜன் கைமாற்றுதான் முடக்கம். அப்போது வெப்பத்தையோ வினையூக்கியையோ தொடலாம். அதற்கு முன் தொடுவது இருட்டில் கல்லெறிவது.

11. தூய்மையாக்கல்

ஹெக்சேன்–எத்தில் அசிட்டேட் 95:5. மிஞ்சிய பென்சைல் ஆல்கஹால் பின்தங்கும், சிரமமில்லை. சால்கோன் வெளிர்மஞ்சளாக விளைபொருளோடு ஒட்டி வரும். பின்னங்களில் மஞ்சள் தெரிந்தால் ஒவ்வொன்றையும் தனியாகச் சோதியுங்கள். டைஹைட்ரோசால்கோன் வெண்படிகம். எத்தனாலில் மறுபடிகமாக்கினால் 70–73 டிகிரியில் உருகும். முழு விளைச்சல் 420 மில்லிகிராம்.

12. வேறு பொருள்களுக்குப் போகும்போது

மெத்தாக்சி, மெத்தில், குளோரோ ஏறிய பென்சைல் ஆல்கஹால்கள் இதே நிலையில் ஓடும். புரோமோ, அயோடோவில் ஹாலைடு கழன்று விழ வாய்ப்பு உண்டு, கச்சாவிலேயே பாருங்கள். நைட்ரோ தொகுதியைத் தவிருங்கள். அது ஹைட்ரஜனைத் தானே எடுத்துக்கொள்ளும், கணக்கு மொத்தமும் குழம்பும். பிரிடின்-2-மெத்தனால் உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும். வினையூக்கியை 2–3 மோல் சதவீதமாக்க வேண்டியிருக்கும்.

நீள்சங்கிலி ஆல்கஹால்கள் வேறு ரகம். அவற்றின் ஆல்டிஹைடுக்கு ஆல்ஃபா ஹைட்ரஜன் இருப்பதால் தன்னோடு தானே சேர்ந்து குவெர்பே வகைப் பொருளைத் தரும். 1.5–2 சமானம் எடுத்து நேரத்தையும் கூட்டுங்கள்.

மெத்தனாலில் இரண்டு எச்சரிக்கை. அதிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்க மோலுக்கு 84 கிலோஜூல் வேண்டும், எத்தனாலுக்கு 68. எனவே வெப்பம் கூட வேண்டும். 120 டிகிரியில் மெத்தனாலின் ஆவியழுத்தம் மட்டுமே 6 பாரை ஒட்டிப் போகும், ஆகவே அழுத்தக் கலத்தில் மட்டும் செய்யுங்கள். மெத்தில் கீட்டோனில் ஒரு மெத்திலோடு நிற்காது, அசிட்டோஃபீனோன் ஐசோபியூட்டிரோஃபீனோனாகும்.

இரண்டாம் நிலை ஆல்கஹால் தரும் கீட்டோன் சோம்பேறி எலக்ட்ரோஃபைல் (எலக்ட்ரானை நாடும் பொருள்). எதிரிலுள்ள கீட்டோன் தன்னோடு தானே சேர முடியாதபடி நெருக்கமானதாக இருந்தால்தான் வெல்லும். பென்டாமெத்தில்ஃபீனைல் கீட்டோன்கள் இந்த இடத்தில் உதவுவது அதனால்தான்.

2-அமினோபென்சைல் ஆல்கஹாலை எடுத்தால் வளையம் மூடி குயினோலின் வரும். அதில் ஹைட்ரஜன் திரும்பாது, ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒன்று வாயுவாக வெளியேறும். அந்த வினையை மூடிய குழாயில் பெரிய அளவில் ஓட்டவே கூடாது.

13. பத்து மடங்காக்கும்போது

20 மில்லிமோலில் மூடிய குழாய் வேண்டாம். 100 மில்லிலிட்டர் குடுவை, ரிஃப்ளக்ஸ் கண்டென்சர், மேலே ஆர்கான் குமிழி. ஆர்கானை உள்ளே ஓடவிடாமல், வெளியே குமிழிவழி மூச்சுவிட மட்டும் விடுங்கள். குமிழி தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தால் ஹைட்ரஜன் போய்க்கொண்டிருக்கிறது. பாத்தை ஐந்து டிகிரி இறக்குங்கள், காரத்தையும் வினையூக்கியையும் சரிபாருங்கள். டொலுயீன் இங்கே உண்மையாகவே 111 டிகிரியில் கொதிப்பதால் பாத்தை 120ஐ ஒட்டி வைக்க வேண்டும். காலம் ஓட்டிய சிலிக்காவின் மேற்பகுதியில் பழுப்பாக நிற்கும் பட்டையில் இரிடியம் இருக்கிறது. அந்தப் பகுதியைச் சுரண்டித் தனிப் புட்டியில், பெயரும் தேதியும் எழுதிச் சேமியுங்கள். மற்றச் சிலிக்காவோடு கொட்டாதீர்கள்.